பதினைந்து நாள் மூத்த பிள்ளைக்கு

சேசு, மரி, சூசை துணை.

என் அருமை மகன் மிக்கேலுக்கு,

போன செவ்வாய்க்கிழமை வந்த உன் கடிதத்தில் நீ இரண்டு கேட்டிருந்தாய். ஒன்று என் ஆசீர்வாதம், இன்னொன்று உன் ஞானஸ்நானச் சீட்டு. ஆசீர்வாதத்துக்குப் பஞ்சமில்லை. சீமெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் போட்ட மாதிரி அதற்கு இன்னும் ரேஷன் போடவில்லை. வேண்டிய மட்டும் எடுத்துக்கொள். சீட்டைப் பற்றித்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. சண்டைக் காலத்தில் நல்ல தாள் கிடைக்காததால் ஞானோபதேசப் பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். திருப்பிப் பார்த்தால் "சர்வேசுரன் எங்கே இருக்கிறார்?" என்ற கேள்விக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் எழுதிய பதில்கள் இருக்கும். ஒருத்தி "பங்குச் சாமியாரின் சைக்கிளில்" என்று எழுதியிருக்கிறாள். மனம் சங்கடப்படும் இடத்தில் தாளைத் திருப்பி அதைப் படித்துக்கொள். அப்படிப்பட்ட இடம் சீக்கிரமே வரப்போகிறது.

ரிஜிஸ்தர் ஆபீஸில் குமாஸ்தாவாகப் போகிற பிள்ளைக்குச் சொல்வதற்கென்று நான் பன்னிரண்டு புத்திமதிகள் தயாரித்து வைத்திருந்தேன். அப்போஸ்தலர் பன்னிரண்டு பேர், அதனால் பன்னிரண்டு. லஞ்சத்துக்கு ஒன்று, மேலதிகாரிக்கு ஒன்று, மத்தியானத் தூக்கத்துக்கு இரண்டு. உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பொறவு ஆபீசு வேலையப் பையன் எப்பங்க பாக்கறது?" என்று கேட்டாள். இப்போது அந்தக் கவலையும் இல்லாமல் போய்விட்டது. ஏனென்றால் அந்த வேலை உனக்குக் கிடைக்காது என்றே தோன்றுகிறது. விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன், உட்கார்ந்துகொள்.

இந்த மாதம் பதினைந்தாம் தேதி வேலையில் சேருகிறவனுக்கு அன்றைக்கு இருபத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது என்பது சட்டம். உன் கணக்குப்படி இருபத்துமூன்றாம் தேதிதான் உனக்கு இருபத்தைந்து முடிகிறது. எட்டு நாள் மிச்சம் என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். மகனே, நீ பிறந்தது இருபத்துமூன்றாம் தேதி இல்லை. அதற்குப் பதினைந்து நாள் முந்தி, எட்டாம் தேதி, தேவமாதா பிறந்த திருநாளன்று விடியற்காலையில் பிறந்தாய். போன வெள்ளிக்கிழமையே உனக்கு இருபத்தைந்து முடிந்துவிட்டது. பங்குக் கோயில் பதிவில் இருக்கிற தேதி பொய். அந்தப் பொய்யை எழுத வைத்தவன் இந்தக் கடிதத்தை எழுதுகிற நான்தான். மூன்று வருஷமாக வேலைக்கு மனுப் போட்டுப் போட்டு நீ தேய்த்த செருப்பு எத்தனை என்று எனக்குத் தெரியும். இது கடைசி வாய்ப்பு என்றும் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

இனி நடந்ததைக் கேள். நீ பிறப்பதற்கு முன்னால் நான் இந்த ஊருக்கு உபதேசியாராக வந்த புதிது. சாமியார் இல்லாத நாளில் கோயிலில் செபம் சொல்லி வைப்பதும், பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பதும், பிறப்பு இறப்பைப் பங்குக் கோயிலுக்கு எழுதி அனுப்புவதும் என் வேலை. அப்போது இருந்த பழைய வெள்ளைக்காரச் சாமியாரை நீ பார்த்ததில்லை. தமிழைப் புத்தகத்தில் படித்தவர், மாட்டை அதட்டுவதென்றாலும் இலக்கணத்தோடு அதட்டுவார். அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். பிறந்த குழந்தையை எட்டு நாளுக்குள் ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவர வேண்டும். தவறினால் தகப்பன் ஞாயிற்றுக்கிழமை நடுக்கோயிலில் தலையில் முள்முடி வைத்துக்கொண்டு பூசை முடியும்வரை முழங்காலில் நிற்க வேண்டும். சட்டம் அவருடையது, அதைத் தேனாக நக்கியவன் நான். நம் வீட்டுச் சுவரில் கரிக்கோடு போட்டு ஒவ்வொரு வீட்டுக் குழந்தைக்கும் நாள் எண்ணினேன். முள்முடியை வேலாமுள்ளில் நானே கட்டினேன். முள் போதவில்லை என்று இரண்டாவது சுற்று வேறு சுற்றினேன். ஊரில் என்னைக் கண்டால் கர்ப்பிணிகள் கூட வேகமாக நடந்தார்கள்.

அந்த முள்முடியை முதலில் வைத்துக்கொண்டவர் சவரிமுத்து. ஓடைக்கு அந்தப்பக்கம் கடலைக்காட்டில் கூலி வேலை செய்தவர். நீ பிறப்பதற்கு முந்தின ஐப்பசியில் அவருக்குப் பெண்குழந்தை பிறந்தது. இப்போது கல்யாணமாகி ஜேடர்பாளையத்தில் இருக்கிறாளே, அவள்தான். ஓடையில் வெள்ளம். தாய்க்குக் காய்ச்சல். வெள்ளம் வடிந்து அவர் குழந்தையைத் தலைமேல் கூடையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் வந்து சேர்ந்தபோது பத்தாம் நாள். "ரெண்டு நாள் தள்ளிப் போச்சுங்க, தண்ணி உடலீங்க சாமி," என்றார். நான் சுவரில் இருந்த கோட்டைக் காட்டி, "எட்டு என்றால் எட்டு. தண்ணீருக்கு வேறு கணக்கு உண்டா?" என்று கேட்டேன். சாமியாருக்கு வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார், கெட்ட மனிதர் இல்லை. நான் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சவரிமுத்து நடுக்கோயிலில் முழங்காலில் நின்றார். முள் சரியாக உட்காரவில்லை என்று பக்கத்தில் போய் நான் அழுத்தி வைத்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

பதினோரு மாதம் கழித்து நீ பிறந்தாய். அதே வாரம், சாமியார்களுக்கெல்லாம் மேலே இருக்கிற மேற்றிராணியார் நம் ஊர்ப்பக்கம் வருவதாகச் செய்தி. நீ பிறந்த ஐந்தாம் நாள் அவர் வர வேண்டும். எனக்கு ஒரு ஆசை தலைக்கேறியது. மேற்றிராணியார் கையால் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை இந்த ஜில்லாவிலேயே வேறு யார் இருக்கிறார்கள்? அவர் பெயரையே உனக்கு வைத்துவிடுவதென்று முடிவு செய்தேன். அது பிரெஞ்சுப் பெயர். ஒரு நாள் முழுக்கச் சொல்லிப் பழகியும் என் வாயில் தும்மல் மாதிரிதான் வந்தது. உன் அம்மா, "இந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாப் பையன் பயந்துக்குவானுங்க," என்றாள். நான் கேட்கவில்லை. தென்னங்கீற்றில் பந்தல் போட்டேன், வாழை கட்டினேன்.

ஐந்தாம் நாள் மேற்றிராணியார் வரவில்லை. ஓடையில் தண்ணீர், வண்டி இறங்காது என்று ஆள் வந்து சொன்னான். தண்ணீருக்கு வேறு கணக்கு உண்டு என்று எனக்கு அப்போது தெரியவந்தது. ஏழாம் நாள் வருவார் என்றார்கள். ஏழாம் நாள் அவருக்குக் காய்ச்சல் என்றார்கள். எட்டாம் நாள் சாயந்தரம் உன் அம்மா உன்னை மடியில் போட்டுக்கொண்டு, "ஊராரு கொழந்தைக்கு ஒரு சட்டம், உங்க கொழந்தைக்கு ஒரு சட்டமுங்களா? வண்டியக் கட்டுங்க, நான் வாரேன்," என்றாள். நாளைக்கு வந்துவிடுவார், நாளைக்கு வந்துவிடுவார் என்று நான் பந்தலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். சுவரில் உனக்குப் போட்ட கோடுகளை எட்டோடு நிறுத்திவிட்டேன். கோடு போடாவிட்டால் நாள் நகராது என்ற எண்ணம் போலிருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சொல்லாமல் கொள்ளாமல் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார் நம் சாமியார். நம் வீடும் கோயிலும் ஒரே சுவர், உனக்குத்தான் தெரியுமே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், பன்னிரண்டு நாள் குழந்தையைச் சுவருக்கு அந்தப்பக்கம் மறைக்க முடியாது. பூசை தொடங்குவதற்கு முந்தின செபத்தில் நீ அழ ஆரம்பித்தாய். சும்மா அழுகை இல்லை, இந்த ஜில்லா கேட்கிற அழுகை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. மாதா பிரார்த்தனையை எடுத்தேன். தொண்டை கிழிய மாதாவின் பட்டங்களை ஒவ்வொன்றாகக் கூவினேன். சனங்கள் திருப்பி, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கோயில் ஓடு அதிர முழங்கினார்கள். நீ மூச்சு வாங்கும்போது நாங்கள் தணிந்தோம், நீ தொடங்கியதும் நாங்களும் தொடங்கினோம். பிரார்த்தனை முடிந்துவிட்டது, உன் அழுகை முடியவில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். மூன்று முறை. கடைசியில் சாமியார் கண் கலங்கி என் தோளைத் தொட்டு, "உபதேசியாரே, இன்று உம்முடைய சனங்களின் பக்தி என்னை ஆச்சரியப்படுத்துகின்றது," என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதைத் தாழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

மேற்றிராணியார் வேறு வழியாகவே போய்விட்டார் என்ற செய்தி அதற்கு அப்புறம்தான் வந்தது. பந்தல் காய்ந்து போயிருந்தது. இனி உன்னைக் கொண்டுபோனால் நான் கட்டிய முள்முடி என் தலைக்குத்தான். கெட்டிக்காரன் என்று என்னை நானே நினைத்துக்கொண்டு, பிரெஞ்சுப் பெயரை விட்டுவிட்டு, இருபத்தொன்பதாம் தேதி மிக்கேல் சம்மனசு திருநாளன்று உன்னைப் பங்குக் கோயிலுக்குத் தூக்கிப் போனேன். "எப்போது பிறந்தது?" என்றார் சாமியார். "இருபத்துமூன்றாம் தேதிங்க சாமி, ஆறு நாள் ஆச்சுங்க," என்றேன். அவர் எழுதிக்கொண்டார். உன் அம்மா வாயே திறக்கவில்லை. நீ அப்போது இருபத்தொரு நாள் பிள்ளை, கொழுகொழுவென்று இருந்தாய். சாமியார் உன்னைக் கையில் வாங்கிப் பார்த்து, "ஆறு நாளில் இவ்வளவு கனமா!" என்று திகைத்தார். நீ அவரைப் பார்த்துச் சிரித்து அவர் தாடியைப் பிடித்து இழுத்தாய். "ஆறு நாள் குழந்தை சிரிக்கின்றது! இது தேவ வரப்பிரசாதம்," என்று பக்கத்தில் இருந்த கன்னியாஸ்திரீகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் எட்டு நாளுக்குக் காத்திராமல் ஆறாம் நாளே பிள்ளையைக் கொண்டுவந்த உத்தமத் தகப்பன் என்று என்னைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். கூட்டத்தில் சவரிமுத்துவும் இருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என்னுடையது இருபத்தைந்து வருஷம் ஓடியது. அந்தத் தேதியேதான் உன் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் ஏறியது. உனக்குப் பத்து வயதில் நடந்தது நினைவிருக்கிறதா? பூசைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் புதுச்சத்திரத்தில் கம்பம் ஏறுகிற வித்தை பார்க்கப் போனாய். அகப்பட்டதும், போகவில்லை என்று சாதித்தாய். வித்தை பார்த்ததற்கு இல்லை, பொய் சொன்னதற்குத்தான் அடிக்கிறேன் என்று பொய் கூடாது என்கிற எட்டாம் கற்பனையைச் சொல்லிக்கொண்டே புளியம் விளாறால் அடித்தேன். அடுப்படியில் பெரிய சத்தம் கேட்டது. உன் அம்மா கையிலிருந்து செம்புத் தவலை விழுந்து உருண்டது. "வேணும்னுதான் போட்டேனுங்க," என்றாள் அன்று ராத்திரி சோறு போடும்போது. ஊருக்கு உபதேசம் என்று நம் மக்கள் கேலி பேசுவார்களே, அதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தவன் உன் அப்பன். அந்த அடிக்கு இப்போது உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வித்தை பார்த்ததற்கு மட்டும் வேண்டுமானால் பாதி அடி வைத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்ததும் எனக்குத் தோன்றிய முதல் எண்ணம், இந்தப் பொய்யால்தானே பிள்ளைக்கு நல்லது நடக்கிறது, சர்வேசுரன் இதற்காகத்தான் அன்று என்னைப் பொய் சொல்ல விட்டார் போலிருக்கிறது என்பதுதான். பாவத்தைச் செய்துவிட்டு அதைச் சர்வேசுரன் தலையில் கட்டுகிற வித்தை கம்பம் ஏறுகிறவனுக்குக் கூட வராது. மூன்று நாள் அந்த எண்ணத்தோடு குடித்தனம் நடத்தினேன். செபம் சொன்னால் பாதியில் மறந்தது. வெள்ளிக்கிழமை மாதா திருநாள் பூசைக்குப் பங்குக் கோயில் போனேன். பெட்ரோல் பஞ்சத்தில் கரி எரித்து ஓட்டுகிற கரி கேஸ் பஸ் மேட்டில் நின்றுவிட்டது, எல்லோரும் இறங்கித் தள்ளினோம். தள்ளிக்கொண்டே, இந்த பஸ் கிளம்பாவிட்டால் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். உடனே கிளம்பிவிட்டது.

இப்போதிருக்கிற சாமியார் நம் தமிழர், உன் வயதுக்காரர், சைக்கிளில் போகிறவர். பழைய பதிவுப் புத்தகத்தை எடுத்து விரித்தார். பூச்சி அந்தப் பக்கத்தை அரித்திருந்தது. உனக்கு மேலே பிறந்தவனுக்கு அப்பன் பெயர் இல்லை, கீழே பிறந்தவளுக்குப் பெயரே இல்லை. உன் வரி மட்டும் முழுசாக இருந்தது. என் பொய்யைப் பூச்சி கூடத் தொடவில்லை. அவர் சீட்டு எழுதப் பேனாவை மையில் தொட்டார். "சாமி, அந்தத் தேதி பொய்," என்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று பிரார்த்தனையைச் சொல்லும்போது அவர் பதிவுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார், தோள் குலுங்கியது. அப்புறம் புத்தகத்தை இறக்கிவிட்டுக் கேட்டார்: "உபதேசியாரே, நீங்க சொன்னது பாவசங்கீர்த்தனமா, திருத்தமா? பாவசங்கீர்த்தனம்னா மன்னிப்புக் கொடுத்திடுறேன், என் வாய் திறக்காது, புத்தகத்தையும் தொட மாட்டேன். திருத்தம்னா, பிறந்த நாள் தெரிஞ்ச ரெண்டு சாட்சி வேணும். ஊரறியச் சொல்லணும். பையன் வேலையும் போகலாம்." எனக்கு வழி திறந்தே இருந்தது, மகனே. முழங்காலில் விழுந்து மன்னிப்பு வாங்கிக்கொண்டு உனக்குச் சீட்டும் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். அந்த இடத்தில் பெரிய ஞானம் ஒன்றும் உதிக்கவில்லை. ரிஜிஸ்தர் ஆபீஸில் நீ உட்கார்ந்து ஊரார் எழுத்துக்கெல்லாம் சாட்சியாக முத்திரை குத்துகிறாய், உன் பெயருக்கு நேரே இருக்கிற எழுத்தே பொய் என்ற ஒரு காட்சிதான் கண்ணில் வந்தது. "திருத்தம்தானுங்க சாமி," என்றேன். உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் நீ நல்லதாக நாலு காரணம் எழுதியிருப்பாய், நான் ஐந்தாவதைச் சேர்த்துக்கொண்டிருப்பேன்.

சாட்சிக்கு உன் அம்மா ஒருத்தி. இன்னொன்று? மருத்துவச்சி செத்துப் பல வருஷம். நீ பிறந்த அன்று விடியற்காலையில் ஓடையைத் தாண்டி அந்த மருத்துவச்சியை அழைத்து வந்தது யார் தெரியுமா? சவரிமுத்து. அவர் காட்டுக்குப் போனேன். கடலைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தார். எழுபது வயதிலும் என்னைவிட நிமிர்வு. "வாங்க உபதேசியாரே. ஏனுங்க, வெயில்ல?" என்றார். நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. அவர் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"தேதி எனக்குத் தெரியுமுங்க. மாதா திருநாளு. ஊருக்கே தெரியுமுங்க," என்றார்.

"தெரிந்தும் ஏன் யாரும் சொல்லவில்லை?"

"அன்னைக்கு மூணு பிரார்த்தனை படிச்சீங்களே, கொழந்தை சத்தம் வெளிய கேக்கப்படாதுன்னு நான்தானுங்க எல்லாரையும்விடச் சத்தமாக் கத்துனேன். மூணு நாளைக்குத் தொண்டை கட்டிக்கிச்சுங்க."

"நான் உனக்கு அவ்வளவு செய்த பிறகுமா?"

"உங்களுக்காகக் கத்தலீங்க. அந்த முள்ளு எப்படிக் குத்துமின்னு ஊருக்குள்ள எனக்குத்தானுங்களே தெரியும். பச்சக் கொழந்தயோட அப்பனுக்கு அது வேண்டாமுன்னு நெனச்சேன்."

நான் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று உன்னிடம் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அவர் களைக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "சாட்சி சொல்றேனுங்க. ஆனா எனக்கு ஒண்ணு வேணும். அந்த முள்முடி இன்னும் கோயில் பெட்டியில இருக்குதுங்களா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். இதோ என் தலைக்கு வந்துவிட்டது, நியாயம்தான் என்று நினைத்தேன். "அதக் குடுத்துருங்க. ஆட்டுப்பட்டியில ஒரு சந்து அடையாமக் கெடக்குது, குட்டி பூந்து பூந்து போவுது. ரெண்டு சுத்து நல்லாக் கட்டியிருக்கீங்க, கெட்டியா நிக்கும்," என்றார். அன்று சாயந்தரமே கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது அது ஆட்டுப்பட்டியில் இருக்கிறது. என் கைவேலையில் ஒன்றாவது உபயோகமாயிற்று.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, சாமியார் நம் ஊருக்குப் பூசைக்கு வந்தார். முழங்காலில் நிற்கிற சட்டமெல்லாம் எப்போதோ போய்விட்டது, வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் பூசைக்கு முன் நடுக்கோயிலில் நின்று நடந்ததைச் சனங்களிடம் சொன்னேன். முன்வரிசைப் பிள்ளைகள் எட்டாம் கற்பனையை என்னிடம் போன வாரம்தான் ஒப்பித்தவர்கள்; வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். சொல்லிவிட்டு முழங்கால் போட்டேன். போடும்போது ஒன்றும் தெரியவில்லை. பூசை முடிந்து எழுந்திருக்கப் பார்த்தால் முடியவில்லை, மகனே. வாதம் பிடித்த முழங்கால் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொண்டன. சனங்கள் எல்லோரும் அதைப் பெரிய பச்சாத்தாபம் என்று எண்ணிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்திருந்தார்கள். பழைய பழக்கம், அப்படியே இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் எனக்கும் தோன்றியது. சவரிமுத்து மட்டும் எழுந்து வந்து அக்குளில் கை கொடுத்து, "உட்டா எட்டு நாளு இங்கயே இருப்பீங்களாட்டம் இருக்குது, எந்திரிங்க சாமி," என்று தூக்கி நிறுத்தினார். கோயில் என்றும் பாராமல் எல்லோரும் சிரித்தார்கள். சாமியாரும் சிரித்தார். நானும் சிரித்தேன். இருபத்தைந்து வருஷத்தில் அந்தக் கோயிலில் இருந்து இவ்வளவு லேசாக வெளியே வந்ததில்லை.

பிறகு வாசலில் மேசை போட்டு சாமியார் சாட்சி எழுதினார். சவரிமுத்து சொல்லிக் கைநாட்டு வைத்தார். உன் அம்மாவிடம் சாமியார், "இருபத்தைந்து வருஷம் ஆச்சே, எட்டாம் தேதின்னு எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?" என்று கேட்டார். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வருசா வருசம் அன்னைக்குத்தானுங்களே சாமி கச்சாயம் சுடறேன்," என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒவ்வொரு மாதா திருநாளுக்கும் அவள் வெல்லம் காய்ச்சிக் கச்சாயம் சுடுவாள், நீயும் நானும் போட்டி போட்டுத் தின்போம், மாதாவுக்குத்தான் செய்கிறாள் என்று நானும் செபம் சொல்லிவிட்டுத் தின்றிருக்கிறேன். "மாதாவுக்கு இல்லையா அது?" என்று சாமியார் முன்னாலேயே கேட்டுவிட்டேன். "மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துறனுங்க. கச்சாயம் எம்பையனுக்கு," என்றாள். நான் வைத்த தேதி அன்று உன் பிறந்தநாள் என்று நான் ஆரவாரம் செய்தபோதெல்லாம் அவள் வெறும் கம்மஞ்சோறுதான் போட்டாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பொய் சொல்லாமல், என்னையும் காட்டிக்கொடுக்காமல், இருபத்தைந்து வருஷம் அவள் எண்ணெய்ச் சட்டியில் உண்மையைச் சுட்டுக்கொண்டிருந்தாள். கிறிஸ்தவனாக வாழ்வது எப்படி என்று என்னிடம் நீ கேட்டால் பன்னிரண்டு சொல்வேன். அவளிடம் கேட்காதே, அடுப்பு வேலை இருக்கிறது என்பாள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்.

திருத்தி எழுதிய சீட்டு இத்துடன் இருக்கிறது. உன் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பழைய தேதி அப்படியே இருக்கிறது. சீட்டைக் கிழித்துவிட்டு அந்தப் புத்தகத்தை மட்டும் நீட்டினால் ஒருவேளை ஒப்புக்கொள்வார்கள். அந்த வழி இருக்கிறது என்று நானே சொல்லிவிடுகிறேன்; மறைத்து மறைத்துப் பழகிய கை இது, இதையும் மறைக்க வேண்டாம். என் பிழைக்கு நீ ஏன் வேலையை இழக்க வேண்டும் என்று கோபம் வந்தால் அது நியாயமான கோபம். இரண்டு நாள் கோபித்துக்கொள். பதினைந்தாம் தேதி அந்த ஆபீஸ் படி ஏறும்போது எந்தத் தாள் கையில் இருக்கிறது என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். பெரிய மனசுள்ள அதிகாரி இருந்தாலும் இருப்பார், நம்பி இருக்காதே. வேலை இல்லையென்றால் பஸ் ஏறி வா. மேட்டில் தள்ள ஆள் வேண்டும்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்திருப்பவர் சவரிமுத்து. தபாலில் போட்டால் நாள் தள்ளும் என்றேன். "நாள் தள்ளிப் போனது போதுமுங்க, நானே கொண்டு போறேன். ஆபீசுல கேட்டாலும் பையனுக்கு நல்ல சாட்சி சொல்றேன்," என்று கிளம்பிவிட்டார். முகத்தில் கரி இருந்தால் பஸ்ஸைத் தள்ளியிருப்பார், கை கால் கழுவத் தண்ணீர் கொடு. காப்பி வாங்கிக் கொடு. அவரை உட்கார வைத்துவிட்டு நீ நின்றுகொண்டு பேசு. நான் செய்யத் தவறியதில் இது ஒன்று.

அவர் கையில் இருக்கிற தூக்குப்போசியில் உன் அம்மா மிச்சம் வைத்த கச்சாயம் இருக்கிறது. மூடும்போது, ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன். மூடியை அழுத்திவிட்டு, "இந்த வருசமாச்சும் மாதா பேரச் சொல்லாம, எம்பையன அவம் பேரச் சொல்லியே திங்கச் சொல்லுங்க," என்றாள்.

உன் அப்பன்